வாசனைதான் ஆகாது

1987-இல் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானால் கேட்டில் ஓர் அட்டை தொங்கும்: 'டு லெட். வெஜிடேரியன்ஸ் ஒன்லி.' எழுதியது நான். வீட்டில் என் கையெழுத்துக்கு அப்படி ஒரு மவுசு. 'ஒன்லி'க்கு அடியில் இரண்டு கோடு போடச் சொன்னது அப்பா.

அப்பாவைச் சாதி பார்க்கிறவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆபீஸில் எல்லோரோடும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுபவர், தன் டிபன் பாக்ஸிலிருந்து மட்டும். "நமக்கு மனுஷா பேதமெல்லாம் கிடையாதுடா. அந்த வாசனைதான் ஆகாது. மனசு இல்லை, மூக்கு" என்பார். மூக்கோடு யார் வாதாடுவது?

ஆனால் வீடு பார்க்க வருகிறவர்களிடம் அந்த மூக்கு கேட்கும் முதல் கேள்வி சமையலைப் பற்றியதாக இருக்காது. "சாருக்கு சொந்த ஊர்?" என்று ஆரம்பிக்கும். "அங்கே எந்தத் தெரு?" என்று நகரும். "குலதெய்வம்?" என்பதில் முடியும். குலதெய்வத்துக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பதினாலு வயதில் எனக்குத் தோன்றவில்லை. மூக்குக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் ராமநாதபுரம் பக்கத்து பாங்க் ஊழியர் ஒருவர் வந்தார். சலவை வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மனைவி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரலாம் என்பதுபோல. தெரு வரைக்கும் விசாரணை போனதும் அவர் தாமாகவே சொன்னார்: "நாங்க வள்ளலார் வழி சார். மூணு தலைமுறையா புலால் கிடையாது. முட்டைகூடக் கிடையாது." வடலூருக்கு வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போவார்களாம். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்றைக்கும் அணையாமல் எரிகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா சமையலறை நிலையில் நின்று, காபியை எந்தத் தம்ளரில் என்று கண்ணாலேயே கேட்டாள். அப்பா தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சு சொல்றேன் சார்."

அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு நான் கேட்டேன்: "அவர்தான் சைவம்ங்கறாரேப்பா?"

"அவர் சைவம்தான். நாளைக்கு சொந்தக்காரா வருவா. அவா கொண்டு வருவா."

கடைசியில் மாடிக்கு வந்தது எங்கள் தூரத்து உறவுப் பையன், மருந்துக் கம்பெனி ரெப். இரண்டாம் மாதமே ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாடியிலிருந்து ஆம்லெட் வாடை இறங்க ஆரம்பித்தது. அம்மா அவசரமாக ஊதுபத்தி ஏற்றுவாள். அப்பா பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். "அலையற உத்தியோகம். டாக்டர் சொல்லியிருப்பார்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வரும். இரண்டு வருஷம் அந்த மூக்குக்கு ஜலதோஷம்.

2011 அக்டோபரில் வேலைக்காகச் சிங்கப்பூர் போய் இறங்கினேன். ஊர் முழுக்க அப்போது கறிக்குழம்புப் பேச்சு இன்னும் ஓயவில்லை. சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த குடும்பம் ஒன்று, பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாடை தாங்கவில்லை என்று புகார் செய்து, சமரச மையம் வரை போயிருக்கிறது. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் இவர்கள் குழம்பு வைப்பது என்று முடிவானது. சில வருஷம் முன் நடந்தது அந்த ஆகஸ்டில் பத்திரிகையில் வர, ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் கறி சமைப்போம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு; 50,000-க்கும் மேற்பட்டவர்கள் கை தூக்கினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் சேர்ந்து சட்டி ஏற்றிய ஊர். இங்கே எனக்கு வீடு கிடைப்பது என்ன கஷ்டம்?

இணையத்தில் வாடகை விளம்பரங்களைத் திறந்தேன். 'நோ இண்டியன்ஸ், நோ பிஆர்சி.' ஒன்றில் இல்லை, பலவற்றில். பிஆர்சி என்றால் சீனாவிலிருந்து வந்தவர்கள். போடுகிறவர்களில் பலரும் சீனர்களே. அரசு அடுக்குமாடிகளில் இன்ன இனத்தார் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் சேரக்கூடாது என்று 1989-லேயே ஒதுக்கீடு போட்டு, எல்லோரையும் ஒரே மின்தூக்கியில் ஏற்றிவிட்ட ஊர் அது. மின்தூக்கியில் ஏற்றலாம், சமையலறைக்குள் விடுவது உரிமையாளர் பாடு.

டோ பாயோவில் ஒரு வீட்டுக்காக ஏஜெண்டைக் கூப்பிட்டேன். சீனப் பெண்மணி, இனிமையான குரல். பெயரைக் கேட்டதும் குரலில் ஒரு சின்ன இடைவெளி. "சமைப்பீர்களா?" என்றார். எப்போதாவது என்றேன். "உரிமையாளர் ரொம்ப நல்லவர், ரேசிஸ்ட் எல்லாம் இல்லை. கறி வாசனைதான் அவருக்கு ஒத்துக்கொள்ளாது."

எனக்குள் பரம்பரை கௌரவம் சிலிர்த்துக்கொண்டது. நாங்கள் மாமிசம் தொடுவதில்லை, வெங்காயம் பூண்டுகூட அம்மா காலம் வரை கிடையாது, மோர்க்குழம்புக்கு வாடையே இல்லை என்று தொலைபேசியில் ஐந்து நிமிடம் விளக்கினேன். ராமநாதபுரத்துக்காரர் மூன்று தலைமுறை சொன்னார். நான் ஏழு சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கறி இஸ் கறி லா" என்றார். பிறகு, "உரிமையாளரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்." கூப்பிடவில்லை.

அன்று ராத்திரி லிட்டில் இந்தியாவில் மீன்தலைக் கறிக் கடை ஒன்றைத் தாண்டி நடந்தேன். சீனர்களுக்கு மீன் தலை என்றால் உயிர் என்று கண்டு நம் பக்கத்துச் சமையல்காரர்கள் அந்த ஊரில் உருவாக்கிய பண்டம் அது. உள்ளே மேஜைக்கு மேஜை சீனக் குடும்பங்கள், நெற்றியில் வியர்வை, விரலில் குழம்பு. கடையில் இருக்கும்வரை கறி ருசி; வாடகைக்கு வரும்போதுதான் வாடை.

அப்போதிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு துப்பறியும் புத்தி வந்துவிட்டது. இங்கிலாந்தின் கென்ட்டில் ஏகப்பட்ட வீடுகளை வாடகைக்கு விட்டுவந்த ஒருவர், வீடு காலி செய்த பிறகும் கறி வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே 'வண்ணத் தோல்காரர்கள்' வேண்டாம் என்று ஏஜெண்டுக்கு எழுதினார். இது வெறும் பண விஷயம் என்பது அவர் வாதம். 2017 நவம்பரில் நீதிமன்றம், சட்டவிரோதம் என்றது. அவர் கறி வேண்டாம் என்று எழுதியிருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சர் ராபின் குக் 2001-லேயே சிக்கன் டிக்கா மசாலாதான் பிரிட்டனின் தேசிய உணவு என்று பேசியாகிவிட்டது. அதைச் சமைக்கும் வெள்ளைக்காரருக்குக் கென்ட்டில் கதவு திறந்துதான் இருந்தது.

மார்ட்டின் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1981-இல் 'புதிய இனவாதம்' என்றே ஒரு புத்தகம் எழுதினார். ரத்தம், மண்டையோட்டு அளவு எல்லாம் செல்லாக்காசாகிவிட்டதால், 'அவர்கள் பழக்கவழக்கம் வேறு' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அவர் கண்டது. எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதியிருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

அதற்காக எல்லோருடைய எல்லாவற்றையும் நுகர்ந்து ரசிக்க வேண்டும் என்று எனக்குக் கட்டாயமில்லை. எங்கள் ஜனங்களின் சம்பந்தி மரியாதையும், கல்யாண மண்டபத்தில் காதைக் கிழிக்கும் லைட் மியூஸிக்கும் எனக்குப் பிடிக்காது. அதனால் யாரையும் திண்ணையோடு அனுப்பியதில்லை. ஆம்லெட் பிடிக்காமலிருக்க அப்பாவுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் முட்டை தொடாதவர் கேட்டோடு திரும்பினார், ஞாயிறுதோறும் இரண்டு உடைத்தவன் மாடியில் இருந்தான். 'நோ பிஆர்சி'யும் அப்படித்தான். ஒரே இனம்தானே, இது சுத்தமான பண்பாட்டுப் பிரச்சினை என்று தோன்றும். அவர்கள் பார்த்தது சட்டியை அல்ல, பாஸ்போர்ட்டை.

இதெல்லாம் எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும்.

அப்பா போய்விட்டார். மாடிப் போர்ஷன் இப்போது என் பொறுப்பு. அட்டை தொங்கவிடுவதில்லை, நமக்கு அந்தப் புத்தியெல்லாம் இல்லை. போன மாதம் புரோக்கர் போன் செய்தார்.

"சார், நல்ல பார்ட்டி. ஐ.டி.ல இருக்காங்க, புருஷன் பொண்டாட்டி. பாட்னா பக்கம். சுத்த சைவம் சார், உங்களுக்குன்னே கேட்டு வச்சேன்."

"சைவம் அசைவமெல்லாம் நான் பார்க்கறதில்லைங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை: "கடுகெண்ணெய்லயா சமைப்பாங்க?"

புரோக்கர் கெட்டிக்காரர். லைனிலேயே யாரிடமோ இந்தியில் விசாரித்தார். பின்னால் ஒரு பெண் குரல், சிரித்த மாதிரி, ஏதோ சொன்னது.

"இல்லையாம் சார். ரீஃபைண்ட் ஆயில்தானாம். அந்தம்மாவுக்கே கடுகெண்ணெய் வாசனை ஆகாதாம்."

ஜன்னலுக்கு வெளியே கேட் தெரிந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.