மூன்று துண்டுகள்

தமிழில் ‘துண்டு’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல இருப்பினும், கடனை ஆராய்வோர்க்கு அவற்றுள் மூன்று போதும்: செலவை வரவு எட்டாதபோது விழுவது முதல் துண்டு, கடன் கொடுத்தவர் எதிரே வரும்போது தலையில் போட்டுக்கொள்வது இரண்டாம் துண்டு, இவ்விரண்டுக்கும் காரணமான காகிதம் மூன்றாம் துண்டு. இலங்கையின் மாத்தளை மாவட்டத்து யட்டவத்தையில் இம்மூன்றும் ஒரே வீட்டில் கிடைத்தமையால், ஆய்வுக்கு அவ்வூரே தெரிந்தெடுக்கப்பட்டது. சிங்களத்தில் ‘யட்ட’ கீழே என்றும் ‘வத்த’ தோட்டம் என்றும் பொருள்படும். செலவுக்குக் கீழேயே வரவு நிற்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி அமைவது அரிது.

காகிதத் துண்டின் வரலாறு மூத்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர், ஒரு பழம் பறிக்கும் முன்னரே வழிச்செலவுக்காகக் கங்காணியிடம் கடன்பட்டிருந்தனர்; கங்காணி என்பவர் ஆள் சேர்த்து, வேலை வாங்கி, முன்பணமும் கொடுத்து, அனைத்தையும் கணக்கில் ஏற்றிக்கொண்டவர். பிற்காலத்தில் தோட்டம் மாற விரும்பியோர்க்குத் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டு தேவைப்பட்டது: இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று பழைய துரை எழுதித் தர, புதிய துரை அத்தொகையைக் கட்ட, கட்டிய தொகை தொழிலாளர் பேரிலேயே மீண்டும் எழுதப்பட்டது. மனிதர் மலைகளில் ஏறியும் இறங்கியும் போக, கடன் ஏறுவதோடு நின்றுகொண்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதற்கு வெகுமுன்பே, 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை ஒழிக்கத் தொடங்கியிருந்தது. கோப்பி போயிற்று, துண்டு போயிற்று. கடைக்காரரின் கொப்பி மட்டும் எந்த நோய்க்கும் சட்டத்துக்கும் அகப்படவில்லை.

இக்கட்டுரையாளரின் குடும்பம் கடனை மூன்று இடங்களில் பேணிவந்தது. முதலாவது, பத்தாம் திகதிச் சம்பளத்தை எதிர்நோக்கி அரிசியும் கோதுமை மாவும் பதியப்படும் மேற்படி கொப்பி. இரண்டாவது சீட்டு: பத்துப் பேர் மாதந்தோறும் 5,000 ரூபாய் போட, ஒவ்வொரு மாதமும் ஒருவர் 50,000 ரூபாய் எடுப்பர், முதலில் எடுப்பவர்க்கு அது கடன், கடைசியில் எடுப்பவர்க்கு அது சேமிப்பு. குடும்பம் எப்போதும் முதலில் எடுத்துவிட்டு, எஞ்சிய ஒன்பது மாதமும் அதைச் சேமிப்பு என்றே அழைத்தது. மூன்றாவது அடகு: திருமணங்களுக்கு மட்டும் விடுமுறையில் வந்து, விருந்து முடிந்ததும் பணிக்குத் திரும்பும் அரசு ஊழியரைப் போல, வீட்டுக் காப்புகள் வங்கிக்குத் திரும்பின.

இந்நிலையில் சிக்கனம் பிரகடனம் செய்யப்பட்டது. சிக்கனம் என்பது, பெரிய செலவைப் பற்றிப் பேசாதிருக்கும் பொருட்டுச் சிறிய செலவைப் பற்றி ஓயாமல் பேசும் முறை எனலாம். சாயத்தண்ணியில் சீனி கரைப்பது நிறுத்தப்பட்டு, உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிப்பது விதியாயிற்று. ஆயினும், அவ்வாறு மிச்சம் பிடித்த சீனியை எறும்பிடமிருந்து காக்க, இறுக மூடும் டப்பாத் தொகுதி ஒன்று தவணை முறையில் வாங்கப்பட்டதால், நான்காவது கடன் பிறந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாது என்று நாடே அறிவித்தபோது, குடும்பத்துக்குச் சற்றுப் பெருமையும் உண்டாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட, பெருமை கரைந்தது. அரசு கைக்கொண்ட வழிக்குக் ‘கடன் மறுசீரமைப்பு’ என்று பெயர். சொன்ன நாளில் கொடுக்காமல், வேறொரு நாளைச் சொல்லி இணங்கச் செய்வதே அது. யட்டவத்தையில் இக்கலை “அடுத்த பத்தாந் திகதி பார்ப்போம்” என்ற பெயரில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வேறுபாடு ஒன்றே: நாட்டுக்கு 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் வழங்க இணங்கியது, குடும்பத்துக்குக் கடைக்காரர் ஓர் இறாத்தல் பாண் கொடுக்கவும் இணங்கவில்லை.

மாற்றம் வந்தது ஒரு பாடசாலைக் கொப்பியால். கடன் கொடுத்தவர் எல்லோரிடமும் கணக்கு இருக்க, கடன்பட்ட வீட்டில் மட்டும் கணக்கு இல்லை என்பதை வீட்டம்மா கண்டறிந்து, பிள்ளையின் கொப்பியில் எஞ்சிய தாள்களில் எல்லாவற்றையும் எழுதினார். எழுதிய பின்னரே உண்மை விளங்கிற்று: கடைக் கொப்பிக்கு வட்டி இல்லை என்பது மெய், ஆனால், கொப்பியில் வாங்குபவர் விலை கேட்பதில்லை. ஆகவே பொருள்கள் கைக்காசுக்கு மட்டும் வாங்கப்பட்டன; சீட்டு கடைசி மாதத்துக்கு மாற்றப்பட்டது; தோட்டத்து மிளகு, ஈரத்தோடு அவசரமாக விற்கப்படாமல், காயவைத்து விற்கப்பட்டு அடகை மீட்டது.

வரவு பெரிதாகக் கூடவில்லை. காப்புகள் கைக்கு வந்தன, சாயத்தண்ணியில் சீனியும் கரைகிறது. தலையில் போட்டிருந்த துண்டு இப்போது வாசற்கொடியில் காய்கிறது; அது குளித்த பின் துவட்டுவதற்கு மட்டுமே எடுக்கப்படுகிறது.