ஒத்தச் சொல்லுக்கு 645 அர்த்தமாம்லே!

ஏலே பேரப்பிள்ள, அந்தச் செல்போனச் செத்த கீழ வையி. காதுல மாட்டியிருக்கதையும் கழட்டு. என்னத்த முணுமுணுக்க? இங்கிலீஷா? 'ரன்'னுங்கிற ஒத்தச் சொல்லுக்கு 645 அர்த்தமாம், அம்புட்டையும் உருப்போடப் போறியாக்கும்? வெளங்கிரும்!

கணக்கு பொய்யில்லலே. ஆக்ஸ்போர்டு அகராதியில பீட்டர் கில்லிவர்னு ஒருத்தர், அந்த ஒத்த வினைச்சொல்லக் கட்டிக்கிட்டு ஒம்பது மாசம் உக்காந்தாரு. அதுக்குள்ள நாங்க பருத்தி ஊனி, மூணு எடுப்பு எடுத்து, மாரும் புடுங்கியிருப்போம். 1928ல அந்த அகராதி மொதமொத முடிஞ்சப்போ 'செட்'டுங்கிற சொல்லுதான் பெரிய தலக்கட்டு. பெறகு 'ரன்' முந்திருச்சு. ஏன்? மில்லு வந்துச்சு, ரயிலு வந்துச்சு, மோட்டாரு வந்துச்சு. எல்லாத்துக்கும் தனித்தனிச் சொல்லுக்கு எங்க போவான் வெள்ளக்காரன்? இருந்த ஓட்டத்தையே மாட்டிவிட்டுட்டான்.

அவன் ஓட்டத்தப் பாரு. மூக்கு ஒழுகுனா ஓடுதுங்கான். துணி சாயம் போனாலும் ஓடுதுங்கான். கல்லாப்பெட்டி பக்கத்துல ஆடாம அசையாம உக்காந்திருக்க மொதலாளி கடைய 'ரன்' பண்ணுதாராம்! கிரிக்கெட்டுல பந்து எல்லைக்கோட்டத் தாண்டிட்டா மட்டை புடிச்சவன் ஒரு எட்டு வைக்க வேண்டாம். நின்ன எடத்துலயே நாலு ஓட்டம். எலெக்சன் வந்தா பெருங்கூத்து. அமெரிக்காக்காரன் பதவிக்கு ஓடுதான். இங்கிலாந்துக்காரன் நிக்கான். ரெண்டு பேரும் பேசுதது ஒரே பாஷதான? ஓடுனவனுக்கும் நின்னவனுக்கும் கண்ணு நாற்காலி மேலதான்.

சிரிக்காதலே. நம்ம மட்டும் என்னவாம்? மோட்டாரு ஓடுது. படம் நூறு நாளு ஓடுது. பொழப்பு என்னமோ ஓடுது. மாசக் கடைசியில ஒண்ணும் ஓடல. இதையெல்லாம் எந்த வாத்தியாருக்கிட்டப் படிச்ச? கடியாரம் ஓடுதுன்னா அதுக்குக் காலு எங்கன்னு கேட்டியா? சொல்லுங்கிறது கூலிக்கு வார ஆளு மாதிரி. எந்தப் புஞ்சையில எறக்குதமோ அந்த வேலையச் செய்வான். புஞ்சையப் பாக்காம ஆளையே வெறிச்சுப் பாத்தா என்னத்தத் தெரியும்?

அகராதி போட்டவுகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஜேம்ஸ் மர்ரேன்னு ஒரு தாடிக்காரரு, 1879ல அந்த வேலைய ஏத்துக்கிட்டாரு. ஆக்ஸ்போர்டுல வீட்டுத் தோட்டத்துலயே ஒரு தகரக் கொட்டகை. ஊருப்பட்ட சனம் புஸ்தகம் படிச்சு, சொல்லு எந்த வாக்கியத்துல வருதோ அத அப்படியே துண்டுச் சீட்டுல எழுதித் தபால்ல அனுப்பும். சீட்டு லட்சக்கணக்குல குமிஞ்சிருச்சு. பெத்த பிள்ளைகளையே கூப்பிட்டு ஒக்கார வச்சு அகர வரிசையில அடுக்கச் சொன்னாரு மனுசன். வாக்கியத்தப் படிச்சுப் படிச்சுத்தான் அர்த்தத்தப் புடிச்சாக. 1915ல அவரு கண்ண மூடுனாரு. அகராதி முடிய இன்னும் 13 வருசம் ஆச்சு. அம்புட்டுப் பாடுபட்டவுக வாக்கியத்தப் பாத்தாக. நீ அவுக கடைசியில போட்ட நம்பரப் புடிச்சுக்கிட்டுத் தொங்குத!

முப்பதே நாள்ல சரளமாப் பேசலாம்னு சுவத்துல ஒட்டியிருந்தான். துட்டக் கட்டிட்டு வந்த. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு நோட்டு ரொப்புத. பேசும்போது என்ன செய்வ? நூத்தி நாப்பதாவது அர்த்தமா, எரநூறாவதான்னு நீ வெரல் விட்டு எண்ணுததுக்குள்ள எதிராளி காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பிருவான். 645ம் தெரிஞ்ச இங்கிலீஷ்காரன் எத்தன பேரு இருப்பான்னு நெனைக்க? அவன் பொழைக்கல?

நோட்ட மூடு. கதைப் புஸ்தகம் ஒண்ண எடு. கிரிக்கெட்டு வர்ணனையக் கேளு. அந்தச் சொல்லு வாரப்போ பக்கத்துல யாரு நிக்கான்னு மட்டும் பாரு. மூக்கு நின்னா சளி. கம்பெனி நின்னா நிர்வாகம். தண்ணிக்குழாய் நின்னா ஒழுக்கு. பேங்கு நின்னா? போட்ட துட்டத் திருப்பி எடுக்க சனமெல்லாம் அங்க மொய்க்குதுன்னு அர்த்தம். அப்ப மட்டும் அகராதியத் தொறந்துக்கிட்டு உக்காந்துறாத. பாஸ்புக்க எடுத்துக்கிட்டு ஓடுலே!