குதிரையைப் பாதியிலேயே லாரி ஏற்ற எளிய வழிகள்

கலிஃபோர்னியாவில் 1955 முதல் டெவிஸ் கோப்பை நடக்கிறது. டென்னிஸ் டேவிஸ் இல்லை; இது குளம்புச் சமாசாரம். சியரா நெவாடா மலையில் விடியுமுன் கிளம்பி, கல்லும் பள்ளத்தாக்குமாக 100 மைல் கடந்து, 24 மணி நேரத்துக்குள் ஆபர்ன் ஊருக்கு வந்துசேர வேண்டும். கிளம்புவதில் ஏறத்தாழ பாதிதான் சேர்கின்றன. மறுபாதியில் இடம்பிடிக்க ஆசையா? கஷ்டமே இல்லை.

முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு பறந்துவிடுங்கள். முன்னால் போகிறவனின் புழுதியைத் தின்பதா என்று உங்களுக்கு ரோஷம் வரவேண்டும். குதிரைக்கு ஏற்கெனவே வந்திருக்கும். ஓடை குறுக்கிட்டால் நிற்காதீர்கள். வெயிலில் ஓடும் குதிரைக்கு மணிக்கு 10 லிட்டருக்கு மேலேயே வியர்க்கும், உப்பும் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போகும். அளவு மீறினால் இதயம் துடிக்கும்போதெல்லாம் விலாவும் விக்கல் மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும். வழிச் சோதனையில் அதைப் பார்த்ததும் கால்நடை மருத்துவர் உங்கள் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்துவிடுவார்.

பேனாவுக்குத் தப்பினாலும் கவலை வேண்டாம், அவரிடம் இன்னும் நிறைய இருக்கிறது. இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பார். சர்வதேசப் போட்டி என்றால், குறித்த நிமிடங்களுக்குள் நாடி 64க்கு இறங்கியாக வேண்டும். ஈறை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் சிவக்கும்வரை காத்திருப்பார். தோலைக் கிள்ளுவார். பிறகு வயிற்றில் காது. நாலு பேர் நடுவில் நம் வயிறு கடமுடா என்றால் மானம் போகும். குதிரைக்கு அதுதான் நற்சான்று. சத்தமில்லாத குடல் என்றால் பயணம் முடிந்தது.

கடைசியில், கயிற்றைப் பிடித்து ஓட்டிக்காட்டச் சொல்வார். நொந்த முன்னங்கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கும். எத்தனையோ பேரின் கனவு இந்தத் தலையாட்டலில்தான் போகிறது. "சின்னக் கல்லுதான் சார், நடந்தா சரியாயிடும்" என்று நீங்கள் வாதாடலாம். குதிரை ஒத்துழைக்காது.

புதுச் சேணத்தைப் போட்டியன்றே முதன்முதலாகப் போடுவதும் நல்ல யோசனை.

எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் வாய்ப்பு உண்டு. அங்கேயும் பரிசோதனை இருக்கிறது, அங்கேயும் வெளியேற்றுவார்கள்.

1973-இல் இதே டெவிஸ் கோப்பையில் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை 29ஆவது மைலில் நொண்டி வெளியேறியது. மறு ஆண்டு மனிதர் குதிரையே இல்லாமல் வந்து, அதே பாதையை 23 மணி 42 நிமிடத்தில் ஓடியே கடந்தார். சேணச் செலவு மிச்சம்.