பூட்சியல்: மூலமும் உரையும்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், குதிரை மேல் ஏறவும், இறங்கிய பின் அதன் லாயத்தைக் கூட்டவும் ஒருவர் மாட்டிக்கொள்ளும் கணுக்கால் பூட்ஸின் இலக்கணம் நுதலிற்று. ஆங்கிலக் குதிரைக்காரர்கள் இதைப் பேடக் பூட்ஸ் என்பர். முழங்கால்வரை ஏறும் நெட்டை பூட்ஸ் போட்டிக்கும் புகைப்படத்துக்கும் உரியது. அது பெரிய இடத்துப் பிள்ளை, லத்தி மிதிக்காது. ஆகவே அதை இங்கே விலக்கினோம்.

இதற்கு முன்னூல் உண்டோ எனின், உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்துச் செனபோன் எழுதிய குதிரையேற்ற நூலில், செருப்புத் தைக்கும் அதே தோலில் பூட்ஸ் செய்துகொண்டால் கணைக்காலுக்குக் கவசமும் ஆயிற்று, பாதத்துக்குச் செருப்பும் ஆயிற்று என்ற கருத்து வருகிறது. ஒரு பொருளுக்கு இரு வேலை என்பதை இன்றைய விற்பனையாளர் தம் கண்டுபிடிப்பாகச் சொல்வது பிழை. ஆனால் அதே ஆசிரியர், குதிரையின் குளம்பு கெட்டிப்பட லாய முற்றத்தில் நான்கைந்து வண்டி உருண்டைக் கல்லைப் பரப்பச் சொல்கிறார். குதிரையின் காலுக்கு நான்கைந்து வண்டிக் கல், மனிதன் காலுக்கு ஒரு வாக்கியம். குதிரை வைத்திருப்போர் வீட்டு வரவுசெலவில் இந்த விகிதம் இன்னும் மாறவில்லை.

செனபோன் குதிகாலைப் பற்றிப் பேசவில்லையே எனின், அவருக்கு அங்கவடி கிடையாது, ஆகவே கவலையும் கிடையாது. நம் பக்கத்தில் சாஞ்சிச் சிற்பங்களில் காண்பது கால்விரலுக்கான வளையம் மட்டுமே. அதற்கு வெறுங்காலே உத்தமம். முழுப் பாதமும் நுழையும் அங்கவடி வந்த பிறகுதான் பாதம் அதற்குள் ஊடுருவிப் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் வந்தது. விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது அந்த ஆபத்தின் மறுபெயர். அதைத் தடுப்பதற்கே குதிகால். சுமார் 2.5 செ.மீ. உயரம் வேண்டும், முன்விளிம்பு வெட்டினாற்போல் நேராக இருக்க வேண்டும். ஓட்டப்பயிற்சி ஷூவுக்கு இது இல்லை, ஆகவே அது நம் நூலில் புறனடைக்கும் தகுதியற்றது. மலையேற்ற ஷூவுக்குக் குதிகால் உண்டு. ஆனால் அடியில் ஆழப் பள்ளங்கள் வெட்டியிருப்பதால் அங்கவடியைக் கவ்விக்கொண்டு விட மறுக்கும். அங்கவடியும் பூட்ஸைவிடச் சுமார் 2.5 செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். கால் நுழைவதைவிட வெளியே வருவதே முக்கியம்.

இனி வகை. கடைக்காரர் பூட்ஸை நிறத்தால் இரண்டாக்குவர்: கருப்பு, பழுப்பு. மாட்டும் முறையால் மூன்றாக்குவர்: லேஸ், ஜிப், எலாஸ்டிக். மூன்றாவதற்கு அண்ணன் முறையில் ஜோத்பூர் பூட்ஸ் உண்டு. அதற்கு வாரும் பக்கிளும் அணி. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்குப் போன சர் பிரதாப் சிங் இங்கிலாந்தில் பரப்பிவிட்ட ஜோத்பூர் கால்சட்டையின் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது. இந்தக் கூட்டத்தில் ஆரியட் என்ற அமெரிக்க நிறுவனம் 1993இல் தோன்றியது. 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரெட்டேரியட் என்ற குதிரையின் பெயரில் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு வைத்த பெயர் அது. நல்ல பூட்ஸ்தான். ஆனால் பெயர், நிறம், மாட்டும் முறை எல்லாம் பிறப்பைப் பற்றிய செய்தி. பூட்ஸ் பிறந்த விதம் அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. அது சாகப்போகும் விதம்தான் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே யாம் இறுதியால் வகுத்தோம். சூத்திரம் வருமாறு:

தோல்கெடல், நூலறல், பல்லிழத்தல், அடிபிரிதல்,
தீக்காய்தல், நாய்வாய்ப் படுதல் என்றாங்கு
ஆறே பூட்சின் இறுதி என்ப.

'என்ப' என்றது யாரை எனின், லாயத்தில் சாணம் அள்ளுவோரை. இவ்விஷயத்தில் அவர்களே ஆசிரியர். சவாரி செய்வோர் சொல்வதைக் கேட்கக் கூடாதோ எனின், கேட்கலாம், ஆனால் பூட்ஸ் சேணத்தின் மேல் சாவதில்லை. ஒரு மணி நேரச் சவாரியில் அது அங்கவடியில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. சாவது கீழே. 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்குச் சுமார் 14 கிலோ லத்தியும் 9 லிட்டர் மூத்திரமும் தருகிறது. அது எங்கே விழுகிறதோ அங்கேதான் நம் பூட்ஸ் நிற்கிறது.

முதலாவது, தோல்கெடல். இதற்கு விரிவான உரை வேண்டும். பதனிட்ட தோல் இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. குதிரை மூத்திரம் காரத்தன்மை உடையது. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன, அது இன்னும் கடுமையான காரம். காலையில் லாயக் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அதுதான். இந்தக் காரம் தோலிலுள்ள பதச்சத்தை மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடும். பதம் போன தோல் காய்ந்து, கால் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடிக்கும். வெடித்த தோலைத் தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. மற்ற இறுதிகள் சிலவற்றுக்குப் பரிகாரம் உண்டு, இதற்கு இல்லை. ஆதலால் முதலில் வைத்தோம்.

எந்தத் தோல் தாங்கும்? பட்டையில் பதனிட்டது, குரோமியத்தில் பதனிட்டது எனத் தோல் இருவகை. முன்னது நமக்குப் பழகியது. ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தென்னாட்டுத் தோல் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. பட்டைத் தோல் வாசனையும் வடிவும் உடையது, வெட்டினால் உள்ளும் புறமும் ஒரே பழுப்பு. காரத்துக்கு மட்டும் சீக்கிரம் தோற்கும். 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வழியில் வளர்ந்த குரோமியத் தோல், நனைந்தாலும் சூடுபட்டாலும் அதைவிட அதிகம் தாங்கும். இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூவின் மேல்பாகத்துக்குப் பெரும்பாலும் அதுவே ஓடுகிறது. எனக்குப் பட்டைத் தோல் மேல் பாசம் உண்டு, அதைச் சேணத்துக்கும் பெல்ட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். லாயத்துக்குக் குரோமியமே. அதிலும் மேல்பரப்பைத் தேய்த்து, சாயம் பூசி, பளபளவென்று வருகிற தோலை நம்பக் கூடாது. மயிர்க்கண் கண்ணுக்குத் தெரிகிற, தேய்க்காத மேல்தோலாகப் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். பிளாஸ்டிக் பூச்சு அப்படிச் சுருங்காது.

இரண்டாவது, நூலறல். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும், பாலியெஸ்டர் நூல் எளிதில் மக்காது. இதற்குமேல் உரை தேவையில்லை.

மூன்றாவது, பல்லிழத்தல். ஜிப்பின் பல்லைச் சொல்கிறோம், உடையவர் பல்லை அல்ல. இரண்டு கையிலும் வாளி வைத்திருப்பவருக்கு ஜிப் ஒரு வரம்: ஓர் இழுப்பில் மாட்டி, ஓர் இழுப்பில் கழற்றலாம். ஆனால் மண்ணும் வைக்கோல் தூசும் பல்லுக்குள் புகுந்த பின் அது பாதி வழியில் நின்றுவிடும். ஜிப் மாற்ற வேண்டுமானால் பூட்ஸைப் பிரித்துத் தைக்க வேண்டும், லேஸ் மாற்ற ஒரு முடிச்சு போதும். எலாஸ்டிக்கில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை, நாளடைவில் தொளதொளக்கும் என்பதே அதன் குறை. லேஸ் வகையிலும் நாக்கைப் பார்த்து வாங்குக. நாக்கின் இரு ஓரமும் பூட்ஸோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் வைக்கோலும் ஈரமும் உள்ளே இறங்கா.

நான்காவது, அடிபிரிதல். இது இருவகை: ஒட்டு விடுதல், தானே பொடிதல். பசையால் மட்டும் ஒட்டிய அடிப்பாகம் ஈரத்தில் வாயைப் பிளக்கும். 1870களில் சார்லஸ் குட்இயரின் மகன் எந்திரமாக்கிய விளிம்புத் தையலில், மேல்தோலும் அடிப்பாகமும் ஒரு தோல் வாரின் வழியாகத் தைக்கப்படுகின்றன. தேய்ந்தால் அடிப்பாகத்தை மட்டும் கழற்றிப் புதிது போடலாம். விலை கூடுதல்தான், ஆயுளும் கூடுதல்.

பொடிதல் இன்னும் வஞ்சகமானது. பாலியூரித்தேன் அடிப்பாகம் மெத்தென்று இருக்கும், கடையில் நடந்து பார்ப்பவர் மயங்குவார். ஆனால் காற்றின் ஈரமே அதன் மூலக்கூறு இணைப்புகளைச் சில ஆண்டுகளில் அறுத்துவிடும். பீரோவில் பத்திரமாக வைத்த ஷூ, உறவுக்காரர் கல்யாணத்தன்று மண்டப வாசலிலேயே உதிர்ந்து நின்ற அனுபவம் கடலோர ஊர்க்காரர் பலருக்கும் இருக்கும். ஆகவே அடிப்பாகம் ரப்பராக இருக்கட்டும்.

ஐந்தாவது, தீக்காய்தல். நனைந்த பூட்ஸை ஹீட்டர் முன்னோ மத்தியான வெயிலிலோ வைப்பவர் தாமே கொலைஞர். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வைத்தால் போதும், தலையங்கப் பக்கமானாலும் ஈரத்தை உறிஞ்சும்.

ஆறாவது, நாய்வாய்ப் படுதல். லாய நாய்க்குத் தோல், உப்பு, குதிரை வாடை மூன்றும் ஒருங்கே கிடைப்பது இதில்தான். பரண் ஒன்றே பரிகாரம்.

ஈண்டு ஒரு கடா: குதிரை காலை மிதித்தால் என் செய்வது, இரும்பு முனை வேண்டாவோ? நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்கும். ஆக ஒரு முன்குளம்பு நம் விரல் மேல் ஏறினால் 135 கிலோ. இரும்பு மடங்கி விரலை வெட்டிவிடும் என்று லாயங்களில் ஒரு கதை உலவுகிறது. ஐஎஸ்ஓ 20345 தரத்தின்படி முனைக்கவசம் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தை, அதாவது சுமார் ஒன்றரை டன்னைத் தாங்க வேண்டும். அந்தக் கதையைத் தள்ளிவிடலாம். இரும்பை விலக்குவதற்கு உண்மைக் காரணம் வேறு: முனை பருத்துவிடும், அங்கவடியில் இடிக்கும். லாயத்தில் மட்டும் வேலை செய்பவர் தாராளமாக இரும்பு முனை போடலாம். ஏறுபவர் போட வேண்டாம்.

அப்படியானால் இரண்டையும் செய்பவருக்கு? இரண்டு ஜோடிக்குக் காசிருந்தால், லத்தி அள்ள முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொள்க. மலிவானது, மூத்திரத்துக்கு அஞ்சாது, குழாயடியில் கழுவினால் தீர்ந்தது. தோல் பூட்ஸைச் சவாரிக்கு மட்டும் வைத்துக்கொள்க. ஒரு ஜோடிக்கே வழி எனின், லேஸ் கட்டுவது, தேய்க்காத குரோமியத் தோல், விளிம்புத் தையல், பள்ளம் குறைந்த ரப்பர் அடி, வெட்டிய குதிகால் என்று கேட்டு வாங்குக. வேலை முடிந்ததும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து வையுங்கள், மறுநாள் துடைப்பதில் பாதிப் பயன்தான்.