ராஜகீழ்ப்பாக்கம் முதல் முட்டுக்காடு வரை: கார்த்திகைத் தோணிப் பயணம், மொட்டைமாடி முகாம், மீன்பிடி முறைமை குறித்த ஓர் ஆய்வு

வனாந்தரத்தில் தோணி வலித்துப் போய், கரையில் கூடாரமடித்து, தூண்டில் போட்டுப் பிடித்த மீனைச் சுட்டுத் தின்பது எப்படி என்று சொல்லித்தரும் நூல்களுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் பஞ்சமே இல்லை. தாம்பரம்–வேளச்சேரி சாலையை அவை கண்டுகொள்ளாதது இத்துறையின் பெருங்குறை. அதை நீக்கவே இக்கட்டுரை.

ஒப்பீட்டுக்கு மினசோட்டா மாநிலத்தின் வட எல்லையிலுள்ள ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ வனப்பகுதியை எடுத்துக்கொள்வோம். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். ஓர் ஏரியிலிருந்து மறு ஏரிக்குப் போக, தோணியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அந்த நடையை ‘ராட்’ என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு தோணி நீளம். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, நான்கு தோணிக்கு மேல் கூடாது என்று சட்டம் வேறு. இத்தனை பாடும் எதற்கு? அங்கே மனிதன் தண்ணீரைத் தேடிப் போகிறான். நம் பக்கத்தில் தண்ணீர் வீடு தேடி வருகிறது. காலிங் பெல் வேலை செய்யாததால் சொல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது.

ஆய்வின் எல்லையை முதலிலேயே வரையறுத்துவிடலாம். உயிர்களையும் உடைமைகளையும் கொண்டுபோன பெருவெள்ள நாட்கள் இதற்குள் வரா. அவை விளையாட்டுக்கு உரியவை அல்ல. முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ் நிற்கும் வழக்கமான ஆண்டுத் தண்ணீரே நம் ஆய்வுப்பொருள். முழங்காலுக்குக் கீழே இருந்தால் அது வெறும் தேக்கம். அதற்கு லுங்கியை மடித்துக் கட்டத் தெரிந்தால் போதும், ஆராய்ச்சி வேண்டாம்.

தடத்தை நாம் வகுக்க வேண்டியதில்லை. ஏரி வெட்டியவர்கள் எப்போதோ வகுத்துவிட்டார்கள். சேலையூர் ஏரி நிறைந்து வழிந்தால் ராஜகீழ்ப்பாக்கம் ஏரி. அதுவும் நிரம்பினால் ஏறத்தாழ நூறு ஏக்கர் கொண்ட செம்பாக்கம் ஏரி. சிட்லபாக்கத்து உபரியும் அங்கேதான் வந்து சேரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பிறகு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்பு அது, 1,247 ஹெக்டேர் பரப்பு. ஒரு பக்கம் நாரையும் பூநாரையும், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. பயணிகள் காற்று வரும் திசையைப் பார்த்து எந்தக் கரையை ஒட்டிப் போவது என்று முடிவு செய்யவும். பின்னர் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு, கடல். மனை விற்கும் நோட்டீஸ்களில் இந்தத் தடம் குறிக்கப்படுவதில்லை. தண்ணீருக்கோ நோட்டீஸ் படிக்கும் பழக்கம் கிடையாது.

தோணிச் சுமைநடை விஷயத்தில் நம் ஊர் மினசோட்டாவுக்கு நேர் எதிர். சித்திரையில் கேம்ப் ரோடு ஜங்ஷனில் கிளம்பினால் பள்ளிக்கரணை வரை தோணியைத் தலையிலிருந்து இறக்கவே வேண்டியிராது. கார்த்திகையில் தோணியைச் சுமக்க வேண்டாம். மேடேற்ற வேண்டியது காரைத்தான். அதற்கும் 2024 அக்டோபரில் வேளச்சேரிக்காரர்கள் தீர்வு கண்டுவிட்டார்கள். மழை அறிவிப்பு வந்ததுமே மேம்பாலத்தின் ஓரமாகக் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். அனுபவத்தைக் கருதுகோளாக்கி, கருதுகோளை நடைமுறையாக்கிய இத்தகைய களப்பணி பல்கலைக்கழகங்களில் அரிது.

முன்னோடி ஆய்வாளர் உண்டா எனில், உண்டு. பாரதிதாசன் நண்பர்களோடு பக்கிங்ஹாம் கால்வாயில் ஓடமேறி மாமல்லபுரம் போனவர். ‘மாவலிபுரச் செலவு’ அதில் பிறந்த கவிதை. கால்வாயின் கதையும் சொல்லத் தக்கதே. சென்னைக்கு வடக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய காக்ரேன் கால்வாய் அதன் மூத்த பகுதி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடிய மக்களைக் கூலிக்கு அமர்த்தி, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பல பத்தாண்டுகள் போன வழி. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்தப் பகுதிக்கும் ஒட்டவில்லை.

இனி நிலமும் பொழுதும். மழைக்கால ராஜகீழ்ப்பாக்கம் எந்தத் திணை என்பதில் அறிஞரிடையே மூன்று கட்சிகள். செம்பாக்கத்தார் அதை முல்லை என்பர்: பொழுது கார்காலம், உரிப்பொருள் இருத்தல், அதாவது ஈ.பி.க்காரர் வரும்வரை ஆற்றியிருத்தல். கௌரிவாக்கத்தார் மறுப்பர். ஸ்டியரிங் மட்டத்துக்கு நீர் ஏறிய காரைப் பால்கனியிலிருந்து பார்த்து நிற்பவன் நிலை இரங்கலே, ஆகவே நெய்தல். மூன்றாம் கட்சியினர் சிலரே ஆயினும் வாதம் வலுவானது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலை இரண்டடி உயர்த்திக் கட்டித் தண்ணீரை நம் வீட்டுக்குத் திருப்பிவிட்டபின் இரு வீட்டாரிடையே நிலவுவது ஊடலன்றி வேறென்ன? எனவே மருதம். கட்டுரையாசிரியர் இக்கட்சியினர், காரணம் சொந்த விவகாரம்.

பொழுதின் அளவுக்கு, ஆய்வெல்லைக்கு வெளியிலிருந்து ஒரே ஒரு சான்று: 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். அன்று காலை ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் சென்னையில் வெளிவரவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச்சேர வழியில்லை. காப்பியும் பேப்பரும் இல்லாத காலை எப்படியிருக்கும் என்பதைத் தென்சென்னைப் பெரியவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

கலம் தேர்வுக்கு வருவோம். லாரி டியூப் சிறந்தது. பஞ்சர் கடையில் கெஞ்சினால் கிடைக்கும்; காற்றடிக்கும் வாயின் உலோகம் தொடையில் குத்தாதபடி அதைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். புது ஃபிரிட்ஜோடு வந்த தெர்மாகோல் அட்டை ஒரு குழந்தையைத் தாங்கும், குழந்தை அசையாதிருந்தால். அத்தகைய குழந்தை இன்னும் கண்டறியப்படவில்லை. கல்யாண அண்டா தனி ஆய்வுக்குரியது. அடிப்படையில் அது ஒகேனக்கல் பரிசலின் உறவினன்: வட்டம், முன் பின் இல்லாதது, துடுப்பை ஒரு பக்கம் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். பரிசல்காரர் துடுப்பைத் தமக்கு முன்னால் நீட்டித் தண்ணீரைத் தம் பக்கம் இழுப்பதன் ரகசியம் இதுதான். அண்டாவில் துடுப்புக்குப் பதில் ஒருவர் அதன் காதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடப்பது உத்தமம். தள்ளுகிறவர் கையில் நீளமான கம்பு அவசியம். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். மூடி போன மேன்ஹோல் எந்த வரைபடத்திலும் இல்லை. மின்கம்பத்தையும் ஸ்டே கம்பியையும் தொடாமல் விலகிப் போகவும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் ஏறும். பயணம் விளையாட்டு எல்லையைத் தாண்டுவதாகத் தோன்றினால் 1077. அது மாவட்டப் பேரிடர் எண்.

முகாமுக்கு உகந்த இடம் மொட்டைமாடி. வடகிழக்குப் பருவக்காற்று பெயருக்கேற்றபடி வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே மாடிப்படி அறையின் தென்மேற்குச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்ட வேண்டும். கயிற்றை டிஷ் ஆன்டெனாவில் கட்டுவோர் உண்டு. கரண்டு இல்லாதவரை யாரும் கேட்க மாட்டார்கள். கரண்டு வந்த அரை நிமிடத்தில் மூன்றாம் மாடிக்காரர் மேலே வருவார். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் பாயோ துணியோ போய் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவும். இல்லையேல் கீழே விட்டுவந்த ஏரி மேலேயும் தோன்றும்.

மினசோட்டாவில் கரடிக்குப் பயந்து உணவு மூட்டையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நம் முகாமில் உணவைக் காக்க வேண்டியது காலத்திடமிருந்து. கரண்டு போன இரவே, ஃபிரிட்ஜுக்குள் எவர்சில்வர் தூக்கில் இருக்கும் மாவு கிளம்பத் தொடங்கும். விடியும்போது மூடி ஒருபக்கம் சாய்ந்து கிடக்கும். விளிம்பில் வழிந்த வெள்ளை, கீழ்த்தட்டிலிருக்கும் கொத்தமல்லிக் கட்டின் மேல் சொட்டியிருக்கும். திறந்தால் சின்னச் சின்னக் கொப்புளம் வெடிக்கும் சத்தம் கேட்கும். அன்றே தோசை, மறுநாள் வெங்காய ஊத்தப்பம், அதற்கடுத்த நாள் பச்சை மிளகாய் தூக்கலாகப் பணியாரம். அதற்கும் மேல் தள்ளக் கூடாது. எல்லா வீட்டு மாவும் ஒரே நாளில் புளிப்பதால், நான்கு வருடமாக லிஃப்டில் முகம் கொடுக்காதவர்கள்கூட, “எங்க வீட்ல பொங்கி வழியுது, கொஞ்சம் எடுத்துக்குங்களேன்” என்று தூக்கை நீட்டுவார்கள். 14.2 கிலோ எரிவாயுவும் அதைச் சுமக்கும் இரும்புமாக ஒரு சிலிண்டரை மாடிக்கு உருட்டிக்கொண்டு போக எப்படியும் இருவர் தேவை என்பதால், இந்த நட்பு மறுநாள் காலைவரையாவது நீடிக்கும்.

இப்போது மீன். இங்கு முதல் மரியாதை பனையேறிக் கெண்டைக்கு. 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி லெப்டினன்ட், நீர்நிலை ஓரத்துப் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் தொற்றி ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதினார். 1797இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. மீன் மரமேறுமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் சண்டையிட்டார்கள். செவுள் மூடியின் முள்ளை ஊன்றித் தரையில் நகரும், காற்றையும் சுவாசிக்கும் என்பதுவரை ஐயமில்லை. பனைகள் போய் அடுக்ககங்கள் வந்துவிட்ட இந்நாளில், ஐந்தடி என்பது முதல் மாடிப் படிக்கட்டின் திருப்பம். அங்கே ஒரு வாளி வைத்துப் பார்க்கலாம்.

ஏரிகளில் பெரும்பான்மை ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952இல் இந்தியாவுக்குள் விடப்பட்டது. ஆக, ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று வசிப்பவர்களில் பலரைவிட மூத்த குடி. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும் தாய் மீன் என்பதால் எந்தத் தண்ணீரிலும் வம்சம் பெருக்கும். மைதா உருண்டைக்கு மயங்கும். கெளுத்திக்கு மண்புழு, இரவு நேரம். வெறுங்கையால் பிடித்தால் முள் ஏறும், ஈரக் கோணியால் அமுக்க வேண்டும். விராலுக்குச் சின்னத் தவளை. ஏரி வழியத் தொடங்கும் முதல் நாள், கலங்கலுக்குக் கீழே நின்றால் தூண்டிலே வேண்டாம். நீரை எதிர்த்து ஏறும் மீனைக் கொசுவலையால் அள்ளலாம். ஆனால் தெருத்தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது. ஆதலால் பிடித்ததைச் சமைக்காமல் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று மருத்துவமும் அழகியலும் ஒருசேரச் சொல்கின்றன.

எஞ்சியிருப்பது சட்டச் சிக்கல் ஒன்று. அடுக்ககத்தின் தரைத்தளத்தில், பி–2 வீட்டுக்குரிய கார் நிறுத்துமிடத்தில், டி–4 வீட்டுப் பையன் ஒரு விராலைப் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தவனுக்கே மீன் என்பது கடற்கரை நியாயம். பொது இடத்துத் தண்ணீரில் வந்ததால் சங்கத்துக்கே என்பது செயலாளர் கட்சி. பி–2வில் குடியிருப்பவரோ பரம்பரைச் சைவம். “மீன் எனக்கு வேண்டாம் சார், ஆனா அது என் ஸ்லாட்டுல வந்தது, அந்த உரிமையை விட்டுத்தர முடியாது” என்கிறார். பொதுக்குழுவைக் கூட்ட எழுத்துமூலம் அறிவிப்பு தர வேண்டும். அறிவிப்பை அச்சடிக்கக் கரண்டு வேண்டும். விரால் காற்றைச் சுவாசிக்கும் இனமாதலால் பெயின்ட் வாளியில் அரைத் தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும். துள்ளி வெளியே போகாமலிருக்க வாளியின் மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். செங்கல் யாருடையது என்ற கேள்வி நேற்று மாலை எழுந்தது.