அந்தப் பழுப்புப் புள்ளிதான் சிங்கம்

ஆப்பிரிக்காவில் எடுத்த சிங்கப் படத்தை ஊரில் யாரிடமாவது காட்டினால், அவர்கள் அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, சிங்கம் எங்கே?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ கணக்கெழுதவும் பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா சொல்லித்தரவும் போய்வந்த நம்மவர் வீட்டுப் பரணில் தேடினால் இன்றும் அப்படியொரு ஆல்பம் அகப்படும்: கீழே வெளிறிய புல்வெளி, மேலே வெளிறிய வானம், இரண்டும் சேரும் கோட்டில் ஒரு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் சிங்கம். அதை விரல் வைத்துக் காட்டி, எவ்வளவு கிட்டத்தில் பார்த்தோம் என்று கையை அகட்டி விவரித்து, கேட்பவரின் காபி ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு இருந்த சுகம் இன்றைய பேரப்பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லையே என்று நான் வருத்தப்படுவதுண்டு. அவர்கள் சிங்கத்தின் மீசையை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி படம் எடுத்து, அது கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் மூன்று கண்டங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள், வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். சாமர்த்தியமாக மாட்டத் தெரிந்தவர்களுக்கு 37-ஆவது ஒன்றும் தேறும். நைரோபியில் கணக்கராக வேலை பார்த்த எனக்கு, மசாய் மாராவுக்குப் புறப்படும் முன்பே இந்த 36-க்கும் ஒதுக்கீடு தயாராக இருக்கும்: சிங்கத்துக்குப் பெரும்பங்கு, யானைக்குக் கொஞ்சம், சிறுத்தை தென்பட்டால் அவசர நிதி. பாவம், வரிக்குதிரைக்கு ஒன்றும் கிடையாது. அது பார்க்கும் இடமெல்லாம் நின்றது. எடுத்த சுருளை நைரோபியில் கழுவினால் செலவு அதிகம் என்று விடுமுறைக்கு ஊர் வரும் வரை பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்து, தெருமுனை ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு, என்ன வந்திருக்குமோ என்று காத்துக்கிடந்த அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அது இன்னொரு சஃபாரி.

அந்த நாளைய என்னை இப்போது எதிரில் நிறுத்திப் பார்த்தால் சிரிப்பை அடக்குவது கஷ்டம். காரணம் 'ஹட்டாரி'. 1962-இல் வெளியான அந்தப் படத்தை எங்கள் ஊர்த் தியேட்டரில் பழைய பிரிண்டில் மழை பெய்யப் பெய்யப் பார்த்தவன் நான். வண்டியின் மட்கார்டு மேல் பொருத்திய நாற்காலியில் உட்கார்ந்து, கையில் நீளக் கழியும் சுருக்குக் கயிறுமாக ஜான் வெய்ன் காண்டாமிருகத்தைத் துரத்துவார். டாங்கனிகா சமவெளியில் எடுத்த படம். அதே கிழக்கு ஆப்பிரிக்காவில் எனக்கு வேலை கிடைத்ததும் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது ஒரு காக்கிச் சட்டை. அதில் எத்தனை பை என்று தைத்தவனுக்கே தெரியாது. கென்யா வேட்டையை 1977-லேயே தடைசெய்துவிட்டதால் தோட்டாவுக்கு வேலையில்லை. ஆகவே ஒரு பையில் பேனா, ஒன்றில் வயிற்றுப்புண் மாத்திரை, ஒன்றில் சம்பளச் சீட்டு என்று நிரப்பிக்கொண்டு, அகல விளிம்புத் தொப்பியும் வைத்துக்கொண்டு வேன் கூரைக்கு வெளியே தலையை நீட்டி நின்றால் என் மனதில் நான் ஜான் வெய்ன்தான். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் என்று 'பெரிய ஐந்து' பட்டியல் ஒன்று இருக்கிறதே, நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்று பழைய வேட்டைக்காரர்கள் போட்டுவைத்த கணக்கு அது; சுடத் தெரியாத நாங்கள் அதை வாங்கிக்கொண்டு பென்சிலால் டிக் அடித்தோம்.

பயணம் வெள்ளிக்கிழமை இரவே சமையலறையில் தொடங்கிவிடும். என் மனைவி புளிக்காய்ச்சல் காய்ச்சுவாள். மறுநாள் விடிவதற்குள் புளியோதரை பொட்டலங்கள் தயார். நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிடித்த பழைய வேன், முன்சீட்டில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், அவர் மடியில் ஃபிளாஸ்க். நைரோபியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பூமி சட்டென்று கீழே இறங்கிப் பிளவுப் பள்ளத்தாக்கு விரியும். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு இந்தச் சாலையைப் போட்ட இத்தாலியக் கைதிகள் 1942-இல் கட்டிய குட்டி மாதா கோயில் ஒன்று பள்ளத்தாக்குச் சரிவில் இருக்கிறது. அங்கே முதல் நிறுத்தம், முதல் காபி. நாரோக்கில் பெட்ரோல். அதற்குப் பிறகு சாலை என்று சொல்லும்படி ஏதுமில்லை. வரிவரியாக அலை விழுந்த மண்பாதை, அதன் மேல் எங்கள் வேன், வேனுக்குள் பல்லும் எலும்பும் தனித்தனியாக ஆடும் நாங்கள், எல்லாவற்றுக்கும் மேல் புழுதி. சன்னலைச் சாத்தினால் வெந்து போவோம், திறந்தால் புதைந்து போவோம். மாரா வாசலில் இறங்கும்போது எல்லோரும் ஒரே நிறத்தில் இருப்போம். கென்யாவில் இன வேற்றுமை ஒழிந்த ஒரே இடம் அதுதான் என்பார் அண்ணாச்சி.

இப்போது நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் சின்ன விமானம் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மாராவின் புல்தரையில் இறக்கிவிடுகிறார்கள். ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரம் இல்லாத மெத்துப் பையில். புளியோதரைக்கு எங்கே இடம்? எங்கள் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு மரத்தடியில் பாயை விரித்ததும் வெர்வெட் குரங்குகள் வந்து சுற்றி உட்காரும். ஒன்று பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு கிளையேறி, ஒரு வாய் தின்று, காரம் தாங்காமல் முகத்தைச் சுளித்து, ஆனாலும் விடாமல் மறுவாய் தின்றதைப் பார்த்து என் மனைவிக்கு ஏற்பட்ட பெருமை, நான் எவ்வளவு புகழ்ந்தும் அதற்கு முன்போ பின்போ ஏற்பட்டதில்லை.

விலங்கைத் தேடுகிற விதமும் வேறு. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டு டிரைவர்களும் எஞ்சினை அணைப்பார்கள். நலமா, வீட்டில் நலமா, குழந்தைகள், மாடுகள், மழை எப்படி, மாமனாருக்குக் கால்வலி தேவலையா என்று சுவாஹிலியில் ஒரு சுற்று முழுக்க முடிந்த பிறகே, கிளம்பும் நேரத்தில், நினைவுக்கு வந்தாற்போல "சிம்பா?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர் முகவாயை உயர்த்தி ஒரு திசையைக் காட்டுவார். பின்னால் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்போம். சிங்கம் ஓடிவிடுமே என்ற பதைப்பு. ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்கக்கூடிய பிராணி எங்கே ஓடப்போகிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்பில் கண்ணில் பட்டவைதான் இன்று நினைவில் நிற்கின்றன: கறையான் புற்றின் மேல் காவலுக்கு ஏறி நின்ற டோப்பி மான், எருமையின் காதுக்குள் தலையை விட்டு உண்ணி பொறுக்கிய குருவி, தன்னைவிடப் பெரிய சாண உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு எங்கள் வண்டியின் நிழலைக் கடந்துபோன வண்டு. அவற்றுக்குப் படச்சுருளில் ஒதுக்கீடு இல்லை.

இன்று ஒரு டிரைவர் ரேடியோவில் ஒரு சொல் சொன்னால் போதும், பத்து நிமிடத்தில் அந்தச் சிறுத்தையின் மரத்தடியில் கல்யாண மண்டப வாசல் மாதிரி வண்டிகள் சேர்ந்துவிடும். ஒரு விலங்கருகே ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை அறிந்த ஆறாவது வண்டி ஐந்தாவதன் பின்னால் மறைந்து நிற்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை மாராவுக்குள் போக வெளிநாட்டுப் பெரியவர்களுக்குத் தலைக்கு, நாளுக்கு 200 டாலர். சீட்டு பன்னிரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். பழைய கணக்கன் சும்மா இருப்பானா? பன்னிரண்டு மணி நேரச் சீட்டையும் சிங்கத்தின் இருபது மணி நேரத் தூக்கத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். வந்த விடையை மனைவியிடம் சொல்லவில்லை.

மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று, புறப்படும் முன் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிற மஞ்சள் காய்ச்சல் ஊசி. அதிலும் முன்னேற்றம் உண்டு. முன்பு பத்தாண்டுக்கு ஒரு தடவை போட வேண்டும். 2016 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிவிட்டது. என் வயதில் இதைப் பெரிய சலுகை என்று சொல்ல முடியாது.

இப்படியெல்லாம் பழைய காலத்தைத் தூக்கிவைத்துப் பேசும்போது உள்ளே ஒன்று உறுத்தும். அந்த அமைதி, அந்தக் கூட்டமில்லாத வெளி என்று நாங்கள் உருகுகிறோமே, அந்தக் காலத்தில்தான் கென்யாவின் யானைகள் தந்தத்துக்காகக் கொத்துக் கொத்தாகச் சுடப்பட்டுக்கொண்டிருந்தன. 1973-இல் ஏறத்தாழ 1,67,000 இருந்தவை 1989-இல் 16,000 அளவுக்கு வந்துவிட்டன. 1970 வாக்கில் 20,000 இருந்த கறுப்புக் காண்டாமிருகம் எண்பதுகளின் முடிவில் 400-க்கும் கீழே. சாவோ பூங்காவில் மணிக்கணக்காக வண்டி ஓட்டியும் ஒன்றும் தென்படாதபோது, "என்ன ஏகாந்தம்!" என்று அண்ணாச்சி பெருமூச்சு விட்டார்; நாங்களும் விட்டோம். 1989 ஜூலையில் அதிபர் டேனியல் அரப் மோய், நைரோபி தேசியப் பூங்காவில் 12 டன் தந்தத்தை அடுக்கித் தீ வைத்தார். தந்தம் சுலபத்தில் எரியாது என்பதே அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரியும். அலுவலகத்தில் பேச்செல்லாம் அது எத்தனை லட்சம் டாலர் பெறும் என்பதைப் பற்றித்தான். கணக்கர்கள் கூடிய இடத்தில் வேறென்ன பேசுவார்கள்? அந்த ஆண்டே உலக அளவில் தந்த வாணிபத்துக்குத் தடை வந்தது. 2021 கணக்கெடுப்பில் கென்யாவின் யானைகள் 36,000-ஐத் தாண்டிவிட்டன; கறுப்புக் காண்டாமிருகமும் இப்போது ஆயிரத்தைக் கடந்துவிட்டது. அதாவது நான் குறைசொல்கிற இந்த ரேடியோவும் கூட்டமும் டாலரும் நிறைந்த காலத்தில், பார்ப்பதற்கு விலங்குகள் கூடுதலாக இருக்கின்றன. இதை ஒப்புக்கொள்வது பழைய ஆசாமிகளுக்குச் சிரமம்.

மொம்பாசாவுக்கு இரவு ரயிலில் போனவர்கள் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். நைரோபியில் மாலையில் ஏறி, வெள்ளிக் கரண்டியில் சூப் குடித்து, சாவோவில் விடியும்போது சன்னலோரம் யானை நிற்பதைப் படுத்தபடியே பார்த்த ரயில் அது; 1898-இல் அதே தண்டவாளம் போட வந்த நம் நாட்டுக் கூலிகளை இரண்டு சிங்கங்கள் இரவிரவாக இழுத்துப்போன கதையைச் சொல்லிப் பக்கத்துப் படுக்கைக்காரரைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு மரபு. 2017-இல் புது ரயில் வந்தது. பாதையை உயரத் தூக்கிக் கட்டி, யானைகள் அடியில் புகுந்துபோக வழிவிட்டிருக்கிறார்கள். நாம் மேலே விரைகிறோம், அவை கீழே நிதானமாக நடக்கின்றன. யார் சஃபாரி போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

எனக்குப் பெரிய வேடிக்கை கூடாரம்தான். அன்று லாட்ஜில் தங்கக் காசில்லாமல் கூடாரம் அடித்தோம். லாந்தர் வெளிச்சம், விறகில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் ஊற்றி மரக்கிளையில் தொங்கவிட்டுக் குளியல், சோப்பு நுரையைக் கழுவுவதற்குள் தீர்ந்துவிடும். இன்று அதே கூடாரம், அதே லாந்தர், கிளைக்குப் பதில் கப்பி வைத்த அதே வாளிக் குளியல். 'பழைய சஃபாரி அனுபவம்' என்று பெயர், வாடகையோ சுவரும் குழாயும் வைத்த நல்ல லாட்ஜை விட அதிகம். அன்று வசதி இல்லாததால் பட்ட கஷ்டம் இன்று வசதி உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிறது. அண்மையில் மறுபடி மாராவுக்குப் போய் நாங்கள் அப்படித் தங்கியபோது, பக்கத்துக் கூடாரத்து இளைஞன் வாளிக்கடியில் நின்றபடி வைஃபை வரவில்லை என்று குரல் கொடுத்தான்.

இந்த முறை எங்களுக்கு வண்டி ஓட்டியவர் மசாய் இளைஞர். அவருடைய அப்பாவின் நிலம் ஒரு வனவிலங்குக் காப்பகத்துக்குக் குத்தகைக்குப் போயிருக்கிறது. மாடு மேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவரின் செல்பேசிக்கு எம்-பெசாவில் குத்தகைப் பணம் வந்து விழுகிறது. முன்பு என்னைக் 'கிஜானா' என்று, அதாவது தம்பி என்று கூப்பிட்ட நாட்டில் இப்போது இவர் மரியாதையாக 'ம்ஸே' என்கிறார், பெரியவர். நாரோக்கிலிருந்து செகெனானி வாசல் வரை இப்போது தார்ச்சாலை. அதில் வழுக்கிக்கொண்டு போகும்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: அந்தப் பழைய மண்பாதை, அந்தக் குலுக்கல், அந்தப் புழுதி, அதில்லாமல் இது ஒரு சஃபாரியா? அவர் பொறுமையாகக் கேட்டார். பழைய பாதை ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது, நாளை திரும்பும்போது அதில் கூட்டிப் போகிறேன், ம்ஸே. வண்டி சேற்றில் மாட்டினால் தள்ள வேண்டியது நீங்கள், ஆனால் தள்ளுபடி கிடையாது என்றார்.

நான் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள், பின்சீட்டிலிருந்து என் மனைவி, "தார் ரோடே போதும், தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். அவருக்கு அது எப்படியோ புரிந்தது. அந்தக் காலத்துப் புழுதிச் சட்டைகளை, எண்ண முடியாத அத்தனை பைகளோடும், திங்கட்கிழமைதோறும் துவைத்தவள் அவள்.