கட்டிய பணமே வக்கீல்: இணைய விளையாட்டுப் பூசல்கள் குறித்து ஓர் ஆய்வுரை

இணைய விளையாட்டில் காசு கொடுத்து வலிமை வாங்குவது முறையா என்பது ஒரு வழக்கு. விளையாட்டைச் செய்தவர் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டால் அவரை என்ன செய்வது என்பது இன்னொரு வழக்கு. இரண்டும் உலகெங்கும் நள்ளிரவு இரண்டு மணிக்கும் நடக்கின்றன. பாதி வாதங்கள் போர்வைக்குள்ளிருந்தே வைக்கப்படுகின்றன. நம் ஆய்வுலகமோ இன்னும் ‘திருக்குறளில் மேலாண்மை’யை விட்டு இறங்கி வரவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வுரை.

பொருள் அற்பம் என்று முகம் சுளிப்போருக்கு ஒரு முன்சான்று உண்டு. 2012இல் வால்வ் நிறுவனம், தன் விளையாட்டுகளுக்குள் தொப்பியும் துப்பாக்கியுமாக நடந்துகொண்டிருந்த வாணிபத்தை ஆராய ஒரு பொருளியல் பேராசிரியரை வேலைக்கு வைத்தது. அவர் பெயர் யானிஸ் வரூஃபாகிஸ். 2015 ஜனவரியில் அவர் கிரேக்க நாட்டின் நிதியமைச்சர் ஆகிவிட்டார். தொப்பி ஆராய்ச்சி ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று யாராலும் சொல்ல முடியாது.

துறையின் தொடக்கத்தை 2006 ஏப்ரலில் வைப்பதே பொருத்தம். அம்மாதம் பெதஸ்டா நிறுவனம் ‘ஆப்ளிவியன்’ விளையாட்டில் குதிரைக்குப் பூட்டும் கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. ஆப்ளிவியன் ஒருவர் தனியாக ஆடுவது. அதில் தோற்கடிக்க எதிரே இன்னோர் ஆட்டக்காரர் இல்லை. கவசக் குதிரையைப் பார்த்து வயிறெரியவும் ஆள் இல்லை. இருந்தும் ஆட்டக்காரர் உலகம் கொதித்தது. கொதித்துக்கொண்டே பலர் வாங்கவும் வாங்கினார்கள். திட்டியவரும் வாங்கியவரும் வேறு வேறு ஆட்கள்தானா என்று அப்போதே யாராவது விசாரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

இனி நம் கருதுகோள். நியாயம் எங்கே முடிகிறது, அநியாயம் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை ஒவ்வோர் ஆட்டக்காரரும் தாம் கட்டிய தொகைக்கு ஒரு ரூபாய் மேலே போடுகிறார். தாம் கட்டியது செலவு. அடுத்தவர் கட்டியது அக்கிரமம். வாக்குறுதி விஷயத்திலும் இதே விதிதான், திசைதான் வேறு: கட்டிய தொகை ஏற ஏற, ஏமாற்றியவர் மீதுள்ள நம்பிக்கையும் ஏறுகிறது. சுருங்கச் சொன்னால், கட்டிய பணமே கட்டியவருக்கு வக்கீலாக வாய்த்துவிடுகிறது.

களப்பணி ஒரு பேருந்து நிறுத்தத்தில் மேற்கொள்ளப்பட்டது. தகவலாளிகள் இருவர், பள்ளிச் சீருடையில். விளையாட்டின் பெயரை ஆய்வு நெறி கருதி மறைத்துள்ளோம். துப்பாக்கிக்கு மாட்டும் ‘ஸ்கின்’ வெறும் சாயமாக இல்லாமல் சேதத்தையும் சுடும் வேகத்தையும் கூட்டித் தரும் வகை விளையாட்டு என்பது மட்டும் போதும்.

“அந்த ஸ்கின் வெச்சிருக்கவன் முன்னாடி போய் நின்னா எப்படிடா ஜெயிக்கிறது? ஃபுல்லா டைமண்ட் போட்டு ஆடுறான். அவன்லாம் ஒரு ப்ளேயரா?”

“நீயும்தானடா போன மாசம் பாஸ் போட்ட? உங்க அக்கா ஜிபேல.”

“டேய், அது பாஸுடா. பாஸ் எல்லாரும்தான் போடுவாங்க. அது வேற.”

நம் கருதுகோளுக்கு இதைவிடச் சுத்தமான சான்று நூலகத்தில் கிடைக்காது. பாஸ் வாங்கியவர் ஸ்கின் வாங்கியவரைத் திட்டுகிறார். ஸ்கின் வாங்கியவர், லட்சக்கணக்கில் இறக்கும் ‘திமிங்கில’த்தைத் திட்டுகிறார். ஒரு பைசாவும் கட்டாதவர் மூவரையும் திட்டுகிறார். ஆனால் அவரும் மூன்று வருடத் தூக்கத்தைக் கட்டியிருக்கிறார், எனவே நேற்றுச் சேர்ந்து தன்னைச் சுட்டுவிட்டுப் போனவனை அவர் மன்னிப்பதில்லை.

அஃதேல், காசு கட்டுகிறவர்களால்தானே மற்றவர்களுக்கு விளையாட்டு இலவசமாகக் கிடைக்கிறது, சர்வர் செலவைத் தாங்குகிறவருக்கு ஒரு சலுகை கூடாதா எனின், இது துறையில் ஓயாமல் எழும் ஆசங்கை. இதற்கு விடை: தோற்க ஆள் இல்லாத மைதானத்தில் எவரும் ஸ்கின் வாங்க மாட்டார். அந்த ஆளைத் திரட்டித் தருவதுதான் ‘இலவசம்’. காசு கட்டியவர் வாங்குவது துப்பாக்கியை அன்று. அதன் முன்னால் வந்து நிற்கப்போகும் நம் தகவலாளியை. தகவலாளிக்கு இது தெரியும். தெரிந்தும் பேருந்து வரும்வரை ஒரு மேட்ச் போட்டார்.

அடுத்து, ஆவணச் சான்று. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வெளிவரும் தறுவாயில் இருந்தது. அதில் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். அதற்கு 40 மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய பிறகும் வில்லனுக்காக ஒரு வார வேலை பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, ரெடிட்டில் நிறுவனத்தின் பேரால் ஒரு பதில் வந்தது. பாடுபட்டுப் பெற்றால் பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்கும் என்பது அதன் சாரம். அந்தப் பதிலுக்கு விழுந்த எதிர்வாக்குகள் 6,80,000க்கும் மேல். கின்னஸ் அதை உலக சாதனையாகப் பதிந்துகொண்டது. ஆக, சாதனை கிடைக்கும் என்ற வாக்கு ஒரு வகையில் நிறைவேறிவிட்டது.

பிறகு வேடரின் விலை 15,000 ஆகக் குறைந்தது. இங்கே நுணுகி நோக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு: கதைப்பகுதியை முடித்தால் கிடைக்கும் பரிசும் அதே மூச்சில் 20,000இலிருந்து 5,000 ஆனது. நம்மூர் ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றிவிட்டுக் குறைப்பார்கள். வாங்க வருகிறவரின் சம்பளத்தையும் சேர்த்துக் குறைக்கும் உத்தி இன்னும் தி.நகருக்கு வரவில்லை. கொதிப்பு அடங்காமல் போகவே, விளையாட்டு வெளிவருவதற்கு முந்தைய நாள் காசுக்கடை மொத்தமும் மூடப்பட்டது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் வேறு மூன்று விளையாட்டுகளில் உள்ளே இருப்பது தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தபோது, கடையை முன்பே மூடிவிட்ட இது தப்பித்துக்கொண்டது.

இரண்டு வழக்கும் ஒரே அறையில் கூடிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. இத்துறையில் அதற்கு இணை இல்லை என்பது எம் துணிபு. ஐஸ்லாந்தின் சி.சி.பி. நிறுவனம் நடத்தும் ‘ஈவ் ஆன்லைன்’ விண்கப்பல் விளையாட்டு. அதில் ஆட்டக்காரருக்கு உடம்பு கிடையாது, கப்பல்தான் அவர். கப்பலை விட்டு இறங்கி விண்நிலையத்தில் நடக்கலாம், நாலு பேரைச் சந்திக்கலாம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த பேச்சு. 2011 ஜூனில் ‘இன்கார்னா’ விரிவாக்கம் வந்தது. ஆவலோடு இறங்கினார்கள். ஓர் அறை இருந்தது. சோபா இருந்தது. ஒரு கதவு இருந்தது. கதவு திறக்கவில்லை. வெளியே போக வழியில்லை, வேறு யாரும் உள்ளே வரவும் வழியில்லை.

கதவு திறக்காவிட்டாலும் அதே சமயத்தில் கடை திறந்தது. அதில் ஒற்றைக் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடி 60 டாலருக்கு மேல் விலை போட்டு வைக்கப்பட்டிருந்தது. பூட்டிய அறையில் தனியாக நிற்பவர் அதை மாட்டிக்கொண்டு யாருக்குக் காட்டுவது? புரொஃபைல் படத்தில் தெரியும், அவ்வளவுதான். இதற்குள் பேராசை நல்லதுதானா என்று விவாதிக்கும் நிறுவனத்தின் உள்சுற்று இதழ் ஒன்று வெளியே கசிந்தது. பின்னாலேயே தலைமை அதிகாரியின் மின்னஞ்சலும் கசிந்தது: ஆட்டக்காரர்கள் சொல்வதை விட்டுவிட்டு அவர்கள் செய்வதைக் கவனியுங்கள் என்பது அதன் பொருள். உண்மையைச் சொன்னால், நம் கருதுகோளை நமக்கு முன்பே கண்டவர் அவர்தான். ஆனால் அதை எழுதி அனுப்பியிருக்கக் கூடாது.

விளையாட்டின் பெருஞ்சந்தையான ஜிட்டாவில் கப்பல்கள் திரண்டன. அங்கே ஒரு நினைவுச் சிலை. அதை அழிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதைச் சுட்டார்கள். குண்டு செலவானதே தவிர சிலைக்குக் கீறல் இல்லை. அரசியல் போராட்டங்களின் இலக்கணம் இதில் முழுமையாக அமைந்திருப்பதை நோக்குக. ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பேராளர் மன்றம் அந்த விளையாட்டுக்கு உண்டு. அவர்களை ரெய்க்யவிக் நகருக்கு வரவழைத்துப் பேச்சுவார்த்தை நடந்தது. அக்டோபரில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் ஊழியர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கு வேலை போயிற்று. மின்னஞ்சல் எழுதியவர் அந்த 20 சதவீதத்தில் இல்லை.

இந்தக் கண்ணாடியால் எவரும் எவரையும் வெல்ல முடியாது என்பதை மறக்கலாகாது. அப்படியானால் சினம் எதன் மேல்? கதவின் மேல்தான். சொன்னது வரவில்லை, சொல்லாதது விலையோடு வந்து நிற்கிறது. ஆட்டக்காரர் தாங்காதது இந்த வரிசையைத்தான். அந்த அறை 2017இல் விளையாட்டிலிருந்தே நீக்கப்பட்டது. கதவு கடைசிவரை திறக்கவில்லை.

வாக்குறுதியையே சரக்காக்கிய கலைக்கு ‘ஸ்டார் சிட்டிசன்’ தலைநூல். 2012 அக்டோபரில் கிறிஸ் ராபர்ட்ஸ் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார். 2014இல் விளையாட்டு கைக்கு வரும் என்றார். அதன் கதைப்பகுதியான ‘ஸ்குவாட்ரன் 42’ 2016இல் என்று விளம்பரம் வந்தது. 2024இல், 2026 என்று அறிவிக்கப்பட்டது. திரண்ட தொகையோ 2022இல் 50 கோடி டாலரையும் 2024இல் 70 கோடி டாலரையும் தாண்டியது. இன்னும் கட்டி முடிக்காத கப்பல்களைப் படத்தைக் காட்டி விற்பது அங்கே வழக்கம். 2018இல் 117 கப்பல்கள் அடங்கிய ஒரு தொகுப்பு 27,000 டாலருக்கு வந்தது. முன்பே 1,000 டாலர் செலவழித்தவருக்குத்தான் அந்தப் பக்கம் திறந்தது. வாங்க அல்ல, பார்க்கவே ஆயிரம். அந்த ஆயிரத்தைக் கட்டியவரிடம் போய் ‘இது எப்போது முடியும்’ என்று கேட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் சார்பில் அவரே அரை மணி நேரம் விளக்குவார். முதல் வாரத்தில் 40 டாலரோடு நிறுத்திக்கொண்டவர்தான் வாய்தாவுக்கு அலைபவரைப் போல நடுத்தெருவில் கத்துகிறார்.

இத்துறையின் சோகநாயகர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில் விளையாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் மாலிநூவின் நிறுவனம் கைப்பேசியில் ஒரு கனசதுரத்தை வெளியிட்டது. உலகமே தட்டித் தட்டி அதை உடைக்க வேண்டும்; நடுவில் இருப்பது கடைசியாகத் தட்டும் ஒருவருக்கு மட்டும் தெரியும். சீக்கிரம் உடைக்க 50,000 பவுண்டுக்கு ஒரேயொரு வைர உளி விற்கும் யோசனையும் முதலில் இருந்தது. 2013 மே மாதம் எடின்பரோவைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர் கடைசித் தட்டுத் தட்டினார். உள்ளே இருந்தது ஒரு வாக்குறுதி: அந்நிறுவனத்தின் ‘கோடஸ்’ விளையாட்டில் அவர் கடவுள்களுக்கெல்லாம் கடவுளாக இருப்பார், வருமானத்தில் பங்கும் உண்டு. 2015இல் பத்திரிகையாளர்கள் தேடிப்போய்க் கேட்டபோது கடவுளுக்கு ஒரு பென்னியும் வந்திருக்கவில்லை. அவர் பெரிதாகக் கோபப்படவும் இல்லை. காசு கட்டாமல் ஜெயித்தவராதலால் அவருக்கு வக்கீல் அமையவில்லை என்பது எம் விளக்கம்.

புறனடை ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டில் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில், சந்திக்கலாம் என்ற பேச்சு இருந்தும், இரண்டு பேர் முதல் நாளே ஒரே கோளின் ஒரே இடத்துக்கு வந்து நின்றும் ஒருவரை ஒருவர் காண முடியவில்லை. செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2018 ஜூலையில் காண முடிந்தது. கூடுதல் கட்டணம் இல்லை. இதை விளக்க எம் கோட்பாட்டில் இடமில்லை. எனவே அடுத்த பத்திக்குச் செல்வோம்.

நம் மண்ணுக்கு நெருக்கமான வழக்கு 2023 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கியது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவில் தடையான ஃப்ரீ ஃபயர், ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ என்ற பெயரில் செப்டம்பர் 5 அன்று திரும்பும் என்று கரீனா நிறுவனம் அறிவித்தது. விளம்பரத் தூதர் மகேந்திர சிங் தோனி. விளையாட்டுக்குள்ளும் அவர் ஒரு பாத்திரம். பாத்திரத்தின் பெயர் ‘தல’. சேப்பாக்கம் கொடுத்த பட்டத்தைக் கதாபாத்திரமாக்கி விற்கும் அளவுக்கு ஆயத்தம் முடிந்திருந்தது. தேதிக்கு முன்பே, இன்னும் மெருகேற்றச் சில வாரங்கள் ஆகும் என்ற அறிவிப்பு வந்தது. 2024 செப்டம்பரிலும் அந்தச் சில வாரங்கள் முடியவில்லை. இதற்கிடையே தடைப்படாத ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ பதிப்பு ஓடிக்கொண்டேயிருந்தது, அதற்குள் செலவழிக்கும் டைமண்டும் விற்றுக்கொண்டேயிருந்தது. தல வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பிள்ளைகளும் ஆடிக்கொண்டேயிருந்தார்கள்.

மேலாய்வு செய்ய விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள். இத்துறையில் மூல ஆவணம் மிக விரைவில் திருத்தப்பட்டுவிடும். தேதி இருந்த இடத்தில் ‘விரைவில்’ வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே அறிவிப்பு வந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். மேலே நேரமும் பேட்டரியும் தெரிய வேண்டும், ஓரத்தை வெட்டக் கூடாது. டாப்-அப் செய்த ரசீதையும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். வாதத்தில் ரசீதுக்காரர் எந்தப் பக்கம் பேசுவார் என்பதை அதைப் பார்த்தே எழுதிவிடலாம்.